பத்தாவது தட்டு

வலது தோளுக்குள் யாரோ காய்ச்சிய கம்பியைச் செருகி வைத்தாற்போல் இருந்தது வர்தியாவுக்கு. கையைத் தூக்கினால் கழுத்து வரை இழுத்தது. தொங்கவிட்டால் முழங்கையில் போய்க் குடைந்தது. ஆனாலும் விசிறியை இடக்கைக்கு மாற்ற வழியில்லை. இடக்கைக்குக் கறி கோத்த கம்பிகளைப் புரட்டுகிற வேலை இருந்தது. கரி கனிந்து சாம்பல் பூத்ததும் ஈரலை வைத்துவிட்டால் அப்புறம் அது யாருக்காகவும் காத்திருக்காது. மேலே ரத்தம் துளிர்த்ததும் திருப்ப வேண்டும். மறுபக்கம் துளிர்க்குமுன் எடுத்துவிட வேண்டும். ஈரல் துண்டுகளுக்கு நடுவே கோத்த கொழுப்பு உருகிச் சொட்டச் சொட்டத் தீ குபீரென்று எழும்பி அவள் புருவத்தைத் தேடி வரும். அவளுக்குப் புருவம் என்று ஒன்று இருந்து வெகுகாலம் ஆயிற்று.

அந்த வாரம் முழுக்க மிஸ்த்ரால் அடித்துக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து ஆற்றோடு இறங்கி வருகிற அந்தக் காற்று மர்செய் நகரத்துக் குப்பையையெல்லாம் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டும். புகைக்கூண்டுக்குள் புகுந்து புகையைக் கடைக்குள்ளேயே திருப்பியும் விடும். கதவு திறந்தால் போதும், சாப்பிடுகிறவர்கள் எல்லாம் ஒரே குரலில் இருமுவார்கள். "கதவைச் சாத்துய்யா!" என்பதுதான் அந்த வாரம் கடையில் சலாமுக்குப் பதிலாக இருந்தது.

கல்லாவில் உயரமான ஸ்டூலில் பெல்காசிம் உட்கார்ந்திருந்தான். முழுதாக உட்கார முடியாது, முழுதாக நிற்கவும் முடியாது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு நொறுங்கி, அதைத் தகடும் ஆணியுமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். காலையில் கம்பியில் கறி கோப்பது அவன். தீ முன்னால் நிற்பது அவன் பெண்டாட்டி. ரவை ரொட்டி தட்டுவதும், வெள்ளை பீன்ஸைப் பூண்டும் சீரகமும் போட்டு வேக வைப்பதும், மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துத் தக்காளியோடு இடித்து வைப்பதும்கூட அவள்தான்.

புதன்கிழமை மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு பகார் வந்தான். கொமோரோ தீவுக்காரன், பூச்சு வேலைக் கொத்தனார். கால்சட்டையில் சுண்ணாம்பு காய்ந்து ஓடு மாதிரி நின்றது. கடைக்குப் புதிது. முந்தின நாள்தான் வந்து, வேலையாட்கள் எல்லாருக்குமாக ரொட்டிக்குள் கறி வைத்துக் கட்டி வாங்கிப் போயிருந்தான்.

"கதவைச் சாத்துய்யா!"

"சாத்திட்டேன், சாத்திட்டேன். அக்கா, நேத்து வாங்கிட்டுப் போனேன்ல ரொட்டி, அது எங்க சாரத்தையே ஆட்டிப்புடுச்சுக்கா."

"ஏன், வயித்தைக் கலக்கிருச்சா?" என்றாள் வர்தியா.

சுவரோர மேசையில் பீன்ஸ் சூப்பில் ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்த மொஹாந்த் தலையைத் தூக்காமல் சொன்னார்: "வயித்தைக் கலக்குனா ஆடுறது சாரம் இல்லப்பா. பக்கத்துல தகரத்துல ஒரு கக்கூஸ் வச்சிருப்பானுங்களே, அது."

கடை சிரித்தது. பகாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"அதில்லண்ணே. எங்க மேஸ்திரி இருக்காரே, வாயில வச்சுப் பாதி தின்னவரு அப்படியே நிறுத்திட்டாரு. துப்பவும் இல்ல, முழுங்கவும் இல்ல. 'இந்த ரொட்டியில கருஞ்சீரகமும் சோம்பும் சேர்த்துப் போட்டது யாரு'ன்னாரு. எனக்கு என்ன தெரியும்? 'கமான் வளைவுக்குக் கீழே சந்துல ஒரு ஹலால் கடை, ஒரு அக்கா கரி அடுப்புல சுடுது, விலையும் கம்மி'ன்னேன். மனுஷன் கல்லு மாதிரி உட்கார்ந்துட்டாரு. அப்புறம் மிச்சத்தையும் தின்னாரு. கீழே விழுந்த துணுக்கைக்கூட எடுத்துத் தின்னாருக்கா. கண்ணுல தண்ணி. புகைன்னாரு. அங்க ஏது புகை?"

வர்தியாவின் விசிறி நின்றது.

"எந்த மேஸ்திரி?" என்று கேட்டான் பெல்காசிம்.

"அரெஸ்கி மேஸ்திரி. உங்க ஊரு பெஜாயா பக்கம்தானே? இதோட வேலையை விடுறாரு. வெள்ளிக்கிழமைக் கப்பல்ல ஒரேயடியா ஊருக்கு. நெஞ்சுல சளி, டாக்டர் சிமெண்ட் பக்கமே போகாதேன்னுட்டாராம். ரூம் சாவியைக்கூடக் குடுத்தாச்சு."

ஒரு கம்பி ஈரல் கருகியது. அந்தக் கடையில் ஈரல் கருகி யாரும் பார்த்ததில்லை.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றான் பகார்.

மொஹாந்த் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அரெஸ்கி இந்தம்மாவோட கூடப்பிறந்த அண்ணன்டா, மடையா."

*

பெல்காசிம் விழுந்த சாரத்துக்கு அரெஸ்கிதான் மேஸ்திரி. பலகை பிசகியது யார் குற்றமும் இல்லை, ராத்திரி மழை. பெல்காசிம் பாதுகாப்பு பெல்ட் மாட்டித்தான் இருந்தான். கொக்கியைக் கோத்திருந்த குழாயே கழன்று வந்துவிட்டது. ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம் அரெஸ்கி, "இவன் பெல்ட் மாட்டலை" என்று சொன்னான். குழாய் கழன்றது என்றால் மேஸ்திரி வேலை போயிருக்கும். பெல்ட் மாட்டவில்லை என்றால் விழுந்தவனோடு போயிற்று. வரவேண்டிய நஷ்டஈட்டில் பாதிதான் வந்தது. அந்தப் பாதியில் வாங்கியதுதான் இந்த அடுப்பும் எட்டு மேசையும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலைத் தூக்கிக் கட்டியிருந்த நிலையில், வார்டே கேட்கும்படி பெல்காசிம் சத்தியம் செய்தான்: "அல்லா மேல ஆணை! அரெஸ்கி என் உப்பை இனி தின்னக்கூடாது."

அன்றிலிருந்து அரெஸ்கி இந்தச் சந்துக்குள் வருவதில்லை. மூன்று தெரு தள்ளித்தான் ரூம். சந்தையில் தங்கச்சியைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "நல்லாருக்கியா" என்பான். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. ஊரில் அம்மா செத்த செய்தி வந்தபோது அவனுக்கு அவன் ரூமில் துக்கம் கேட்டார்கள், இவளுக்கு இவள் வீட்டில் கேட்டார்கள். வர்தியா காபி போட்டு ஒரு பிளாஸ்க்கில் ஊற்றி, கதவு வரை எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். காபியும் உப்புக் கணக்கில்தான் சேரும்.

சத்தியத்தைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புருஷன் மலம் கழிக்கக்கூட அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போன மாதங்கள் உண்டு. அண்ணன்மேல் அவளுக்கே ஆத்திரம் இருந்தது. ஆனால் ஆத்திரம் அவளுக்கு எப்போதோ தேய்ந்துபோயிற்று. சத்தியம் அப்படியே இருந்தது. இப்போது அவன் கப்பலேறிவிட்டால் அவள் அடுப்பை விட்டு ஊருக்குப் போகப்போவதில்லை. அவன் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு திரும்பி வரப்போவதில்லை.

*

மத்தியானக் கூட்டம் கரைந்ததும் அவள் அடுப்பை விட்டு வந்து கல்லா முன் நின்றாள்.

"உங்க சத்தியம் முறிஞ்சு போச்சு."

"எப்படி முறியும்? அவன் காசு கொடுத்துத் தின்னான். காசு கொடுத்தா அது வியாபாரம்."

"கறிக்குக் காசு வாங்குனீங்க. ரொட்டிக்கு வாங்குனீங்க. சரி. சுட்ட மிளகாய் வச்சேனே, அதுக்கு எவ்வளவு?"

"அது சும்மா வைக்கிறது."

"மேலே உப்பும் சீரகமும் தூவுனேனே, அதுக்கு?"

பெல்காசிம் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினான்.

மொஹாந்த் போகாமல் இருந்தார். போகிறவர் மாதிரித் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். "உப்புக்குப் பில்லு போட்டவன் இந்த ஊர்ல எவனும் இல்ல" என்றார். "அது விருந்துதான். தெரிஞ்சோ தெரியாமலோ தின்னுட்டான். பெல்காசிம், நீ மாட்டிக்கிட்டே."

"நீங்க சூப்பைக் குடிச்சோமா போனோமான்னு இருங்கண்ணே."

"நான் சும்மா இருக்கேன். இமாமைக் கேளு."

கேட்டார்கள். தொழுகைக்கூடத்து இமாம் போனில் இருமிக்கொண்டே விவரமாகக் கேட்டார். சத்தியம் முறிந்தால் என்ன, முறிக்க நினைத்தால் என்ன, பரிகாரம் ஒன்றுதான், பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும் என்றார். அரெஸ்கி வந்து சாப்பிடுவதற்கு முன்னால் போட்டாலும் செல்லும், பின்னால் போட்டாலும் செல்லும்.

"நோன்பு பிடிச்சுக் கழிக்கக் கூடாதா, ஹஜ்ரத்?" என்றான் பெல்காசிம். "மூணு நாள் பிடிச்சுடறேன்."

"அது சோறு போட வக்கில்லாதவனுக்கு. உனக்கு என்ன தொழில்?"

"சாப்பாட்டுக் கடை."

போனுக்குள் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. மொஹாந்த் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

பெல்காசிம் வெகுநேரம் கல்லா மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். பிறகு, "சரி. போடுவோம்" என்றான். "ஆனா முன்னாலதான் போடணும். பத்து பேர் இங்க உட்கார்ந்து தின்னு எந்திரிக்கட்டும். அதுக்கப்புறம் உங்கண்ணன் இந்த வாசப்படி மிதிக்கட்டும். அவனா வரட்டும், நான் போய்க் கூப்பிட மாட்டேன்."

"ரெண்டும் செல்லும்னாரே."

"எனக்கு முன்னாலதான் செல்லும்."

அன்று ராத்திரி தோளில் ஆலிவ் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வர்தியா யோசித்தாள். பத்து ஏழை. மர்செயில் பத்து ஏழைக்கா பஞ்சம்? அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

*

பஞ்சம்தான் என்று வியாழக்கிழமை தெரிந்தது.

தெருமுனை வாடகை ரூம்களில் தனிக்கட்டையாக இருக்கிற கிழவர்களை முதலில் கேட்டாள். ஒருவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, "எனக்குப் பென்ஷன் வருதும்மா" என்றார். இன்னொருவர், "ஊர்ல எனக்கு மாடி வீடு இருக்கு, தெரியுமா? ஏழைன்னு யார் சொன்னது உன்கிட்ட?" என்று பெயர் கேட்டுச் சண்டைக்கு நின்றார். மூன்றாமவர் சாப்பிட வருகிறேன் என்றார், ஆனால் ஏழையாக இல்லை, விருந்தாளியாக.

"விருந்தாளி கணக்குல வராது, மாமா."

"அப்ப நானும் வரலை."

மொஹாந்தைக் கேட்டதுதான் பெரிய தப்பு. அவர் தினமும் பீன்ஸ் சூப்பு மட்டும் வாங்கி, ரொட்டிக்கூடையைக் காலி செய்து, ஒரு துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவதை அவள் எத்தனையோ நாள் பார்த்துப் பாராதமாதிரி இருந்திருக்கிறாள். அவர்மேல் இருந்த உரிமையில் கேட்டுவிட்டாள். "அண்ணே, நாளைக்கு நீங்களும் அந்தப் பத்துல…"

அவர் கரண்டியை வைத்தார்.

"வர்தியா, நான் இந்தக் கடையில ஒரு நாளாவது கடன் சொல்லிருக்கேனா?"

"இல்லண்ணே. நான் அதுக்கு…"

"காசு கொடுத்துத் தின்னுறவன் நான்."

சூப்பை மிச்சம் வைத்துவிட்டுக் காசை மேசையில் வைத்து எழுந்து போனார். அவர் மிச்சம் வைத்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். பெல்காசிம் கல்லாவிலிருந்து, "கேட்டிருக்கக் கூடாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

வேலைத்தளத்திலிருந்து பகார் வந்து அண்ணன் சொன்னதைச் சொன்னான். "சத்தியத்தைப் பத்திச் சொன்னேன்க்கா. கப்பலுக்குப் போற வழியில வந்து வாசல்ல நிப்பாராம். பெல்காசிம் வாயால 'வா'ன்னு சொன்னா உள்ளே வருவாராம். இல்லேன்னா அப்படியே போயிடுவாராம்."

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது வர்தியா முக்காட்டை இறுக்கிக்கொண்டு தொழுகைக்கூடத்து வாசலில் நின்றாள். காற்று ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனது. காற்றினால் கப்பல் தாமதம் என்று சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலம்தான் கிளம்பும். அந்தக் காற்றை அவள் அன்றைக்குத் திட்டவில்லை.

வாசலில் கையேந்தி நின்றவர்கள் நான்கு பேர் உடனே வந்தார்கள். கமானடியில் உதிரிச் சிகரெட் விற்கிற பையன்கள் இரண்டு பேர், காகிதம் இல்லாமல் கடல் தாண்டி வந்தவர்கள், போலீஸ் விஷயமோ என்று முதலில் ஓடினார்கள். "ஈரல் வெந்துக்கிட்டிருக்குடா, கழுதைகளா!" என்று அவள் பின்னாலிருந்து கத்தியதும் நின்றார்கள். காரிலேயே குடியிருக்கிற ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடும் கையில் ஒரு குழந்தையோடும் வந்தாள்.

கடை நிறைந்தது. வர்தியாவுக்குத் தோள் மரத்துப்போயிருந்தது. அதனால் வலியில்லாமல் வேலை நடந்தது. ஈரல், ஆட்டுக்கறி, கார மெர்கேஸ் தொத்திறைச்சி, சூடான ரொட்டி, சுட்ட மிளகாய், பீன்ஸ். பெல்காசிம் ஸ்டூலை விட்டிறங்கி, கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக அவனே கொண்டுபோய் வைத்தான். பரிகாரம் அவனுடையது. வேறு யார் கையாலும் வைக்க விடவில்லை. அரைத்தட்டு ரொட்டி கேட்டவனுக்கு முழுத்தட்டு வைத்தான்.

மொஹாந்த் வந்தார். நேராகத் தன் மேசைக்குப் போனார். "ஒரு தட்டு ஈரல். உருளைக்கிழங்கு வறுவலோட" என்று கடைக்கே கேட்கச் சொன்னார். தட்டு வருமுன்னே காசை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். அவருக்கு அது எத்தனை நாள் சூப்பு என்று வர்தியாவுக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டார்கள், துஆ செய்தார்கள், கைகழுவினார்கள். பெல்காசிம் எண்ணினான்.

"ஒன்பது."

"பத்து" என்றாள் வர்தியா. "கைக்குழந்தையோட பத்து."

"பால் குடிக்கிறதை எப்படி எண்ணுறது? ரொட்டி தின்னுச்சா?"

"சின்னவன் ரெண்டு தட்டு தின்னானே! அவனை ரெண்டா வச்சுக்கங்க."

"ஆளைத்தான் எண்ணணும், தட்டை இல்ல."

பகார் வெளியே ஓடினான். போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துக் கேட்கிற சத்தம் உள்ளே கேட்டது. "அண்ணே, நீங்க ஏழையா?" "உங்கப்பன் ஏழைடா!" கடைக்குள் யாரோ சிரித்தார்கள். வர்தியா சிரிக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. புகை மொத்தமும் உள்ளே திரும்பியது. யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

வாசலுக்கு வெளியே அரெஸ்கி நின்றான். தோளில் ஒரு பை, காலடியில் கயிறு கட்டிய பெட்டி. ஆள் பாதியாகியிருந்தான். காற்று அவன் கோட்டைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, செருப்பு நுனிகூட படியில் படாமல் நின்றான்.

"ஒன்பதுதான் ஆகியிருக்கு" என்றாள் வர்தியா. "இன்னும் ஒருத்தர்…"

சுவரோரத்தில் நாற்காலி நகர்ந்தது. மொஹாந்த் எழுந்திருந்தார். ஈரல் தட்டில் பாதி இருந்தது. காசைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது.

"பெல்காசிம், என்னைப் பத்தாவதா…"

"அண்ணே, உட்காருங்க."

"இல்லப்பா, நான் சொல்றதைக்…"

"நீங்க காசு கொடுத்துத் தின்னுறவர்" என்றான் பெல்காசிம். "காசு மேசைமேல இருக்கு, நான் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிடுங்க, ஆறுது."

மொஹாந்த் நின்றபடியே அவனைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ரொட்டியைப் பிட்டார், வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

வாசலிலிருந்து அரெஸ்கி பேசினான். காற்றில் முதலில் கேட்கவில்லை. திரும்பச் சொன்னான்.

"நீ பெல்ட் மாட்டியிருந்தே. நான் பார்த்தேன்."

கடை முழுக்கக் கேட்டது. அவன் அதைச் சந்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம், ஆள் இல்லாத நேரத்தில் சொல்லியிருக்கலாம். சாரத்தில் வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் சொன்னான்.

"தெரியும்" என்றான் பெல்காசிம்.

பெல்காசிம் கைத்தடியை மாற்றிப் பிடித்தான். அந்த நொறுங்கிய இடுப்பை இழுத்துக்கொண்டு மேசை மேசையாகக் கடந்து, வாசல் வரை வந்தான்.

"புகை திரும்புது பாரு, எல்லாரும் இருமுறாங்க" என்றான். "உள்ளே வந்து கதவைச் சாத்து, மச்சான்."

அரெஸ்கி அசையவில்லை. "ஒன்பதுதான் ஆச்சுன்னாளே?"

"அதை நான் பார்த்துக்கறேன். பத்தாவது என் கடன். நீ வா."

அரெஸ்கி படியை மிதித்தான். பெட்டியை உள்ளே இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினான். வர்தியா கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் புகைதான். ஈரல் கம்பிகளை அள்ளித் தீயில் வைத்தாள். மரத்துப்போயிருந்த தோள் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டு வலித்தது. உப்பையும் சீரகத்தையும் சேர்த்து மூன்று விரலில் எடுத்துத் தூவினாள். எப்போதும் தூவுவதைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது.

அரெஸ்கி கையாலேயே தின்றான். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றான்.

"உப்பு ஜாஸ்தி" என்றான்.

"தின்னு" என்றாள் வர்தியா.

துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை கூவியது. மிச்ச ரொட்டியை அவள் துணியில் கட்டிப் பைக்குள் வைத்தாள். பகார் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பெல்காசிம் வாசல் வரை வந்து மைத்துனன் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டுவிட்டு, காற்று வருகிறதென்று கதவைச் சாத்தினான். பிறகு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கண்ணாடி வழியே பார்த்திருந்தான். ஏழை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஆள் எவனும் அந்தப் பக்கம் வரவில்லை.

அல்லாவுக்கு அவன் இன்னும் ஒரு தட்டுச் சோறு பாக்கி.